எச்.பி. நார்மல், உடம்புதான் நார்மல் இல்லை: இரும்புச்சத்துக் குறையைத் தேடிப் பிடிக்க ஒரு வழிகாட்டி

மதுரையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். "எல்லாம் நார்மல்" என்று ரிப்போர்ட்டைக் கொடுத்தால் முகம் தெளிய வேண்டும். வாடிப் போகிற முகங்களையும் அடிக்கடி பார்க்கிறேன். பெரும்பாலும் பெண்கள், இருபதிலிருந்து நாற்பத்தைந்து வயதுக்குள். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, சீப்பில் முடி கொத்தாக வருகிறது, மத்தியானச் சமையல் முடிந்ததும் உட்கார்ந்த இடத்திலேயே கண் சொக்குகிறது என்று டாக்டரிடம் போயிருப்பார்கள். அவர் சி.பி.சி. என்ற ரத்த அணுப் பரிசோதனையை எழுதியிருப்பார். எச்.பி., அதாவது ஹீமோகுளோபின், 12.2 என்று வந்திருக்கும். "ரத்தமெல்லாம் நல்லாத்தான இருக்கு, சும்மா மனசப் போட்டுக் குழப்பிக்கிறா" என்று வீட்டில் முடித்துவிடுவார்கள். அதற்குமேல் எங்கே போய் என்ன கேட்பது என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. இது அவர்களுக்காக எழுதியது.

ரத்தசோகை வேறு, இரும்புச்சத்துக் குறை வேறு. உடம்பில் இரும்பு குறைய ஆரம்பித்துப் பல மாதம், சிலருக்குப் பல வருடம் கழித்துத்தான் எச்.பி. இறங்கும். இடைப்பட்ட காலம் முழுக்க சி.பி.சி. ரிப்போர்ட் சுத்தமாக இருக்கும், உடம்பு மட்டும் ஓய்ந்து கிடக்கும். 2019–21-இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அது எச்.பி.யை மட்டும் பார்த்துச் சொன்ன கணக்கு. எச்.பி. நன்றாக இருந்து உடம்பின் இரும்புச் சேமிப்பு காலியாகிக் கிடப்பவர்கள் அந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள்.

நான் டாக்டர் இல்லை. மருந்தையும் அளவையும் உங்கள் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். அவர் முன்னால் போய் உட்காரும்போது கையில் என்ன இருக்க வேண்டும், வாயில் என்ன கேள்வி இருக்க வேண்டும் என்பதைத்தான் நான் சொல்ல முடியும்.

எச்.பி. ஏன் கடைசியில் இறங்குகிறது

பெரியவர் ஒருவரின் உடம்பில் மொத்தமே 3 முதல் 4 கிராம் இரும்புதான். பெண்களுக்கு அதைவிடச் சற்றுக் குறைவு. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சிவப்பணுக்களில் ஹீமோகுளோபினாக ஓடிக்கொண்டிருக்கிறது. கொஞ்சம் தசையிலும், செல்களுக்குள் சக்தி தயாரிக்கும் நொதிகளிலும் இருக்கிறது. மிச்சம் கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜையில் ஃபெரிட்டின் என்ற புரதத்துக்குள் சேமித்து வைக்கப்படுகிறது.

அந்தக் காலத்து வீடுகளில் நெல் கொட்டி வைக்கும் குதிர் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். குதிர் பாதியானாலும் கால்வாசியானாலும் அடுப்பில் சோறு வழக்கம்போல வெந்துகொண்டுதான் இருக்கும். சோற்றுப் பானையைப் பார்த்துக் குதிரின் நிலையைச் சொல்ல முடியாது. எச்.பி. என்பது பானை. ஃபெரிட்டின்தான் குதிர்.

முதலில் சேமிப்பு கரையும். பிறகு ரத்தத்தில் இரும்பைச் சுமந்து போகும் டிரான்ஸ்ஃபெரின் காலியாக ஓட ஆரம்பிக்கும். அதற்கும் பிறகுதான் புதுச் சிவப்பணுக்கள் சிறுத்து, எச்.பி. இறங்கும். ஆனால் தசைக்கும் மூளைக்கும் இரும்பின் தேவை அதுவரை காத்திருப்பதில்லை. அதனால்தான் எச்.பி. சரியாக இருக்கும்போதே களைப்பு வருகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் எச்.பி. பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13, கர்ப்பிணிகளுக்கு 11 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. இரண்டு வருடம் முன்பு 13.8 இருந்த பெண்ணுக்கு இன்று 12.1 என்றால் ரிப்போர்ட்டில் அது நார்மல்தான், எந்த நட்சத்திரக் குறியும் விழாது. ஆனால் அவரைப் பொறுத்தவரை அது பெரிய இறக்கம். பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

1. உடம்பு சொல்வதை இரண்டு வாரம் எழுதி வையுங்கள்

டாக்டரிடம் "ஒரே அசதியா இருக்கு" என்று மட்டும் சொன்னால் போதாது. அசதி எல்லா நோய்க்கும் பொது. ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். எந்த வேலை முன்பு முடிந்தது, இப்போது முடியவில்லை என்பதுதான் நல்ல அளவுகோல். தெப்பக்குளத்தைச் சுற்றி நடப்பவர் முன்பு நிற்காமல் எத்தனை சுற்று போனார், இப்போது எத்தனை? திருப்பரங்குன்றம் மலையில் எந்தப் படியில் உட்கார வேண்டியிருக்கிறது? தண்ணீர்க் குடத்தோடு மாடி ஏறினால் நெஞ்சு படபடக்கிறதா?

பிறகு, யாரும் கேட்காவிட்டால் நாமாகச் சொல்லாத அறிகுறிகள். இதில்தான் விஷயமே இருக்கிறது.

பச்சரிசி தின்னும் ஆசை. பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வந்த ஒரு பெண்ணின் கைப்பையிலிருந்து சிறிய பிளாஸ்டிக் டப்பா வெளியே வந்தது. நிறையப் பச்சரிசி. "வாய் சும்மா இருக்க மாட்டேங்குது மதினி, பஸ்ல வரும்போதுகூட வேணும்" என்றார். பச்சரிசி, சிலேட்டுக் குச்சி, சாக்பீஸ், திருநீறு, செம்மண், மழை பெய்ததும் வரும் மண்வாசனைக்கு நாக்கு ஊறுவது, ஐஸ் கட்டியைக் கடித்துத் தின்றுகொண்டே இருப்பது: இவை கெட்ட பழக்கம் இல்லை. இரும்புச்சத்துக் குறையின் அறிகுறியாக மருத்துவம் இதை நெடுங்காலமாக அறியும். குறை சரியானால் பெரும்பாலும் இந்த ஆசையும் போய்விடுகிறது. பிள்ளை மண் தின்றால் அடிக்காதீர்கள், ரத்தம் பாருங்கள்.

இன்னொன்று, ராத்திரி படுத்ததும் காலில் ஏதோ ஊர்வது போல, குடைவது போல இருந்து, காலை ஆட்டினால்தான் சுகம் என்று தோன்றுவது. வீட்டில் "காலை ஆட்டாதே, வீட்டுக்கு ஆகாது" என்று அதட்டுவார்கள். அதட்டு வாங்குகிறவருக்குத் தூக்கமே இருக்காது. மூளையில் இரும்பு குறைவதோடு இதற்குத் தொடர்பு உண்டு.

உதட்டு ஓரத்தில் வெடிப்பு, நாக்கு வழவழப்பாகி எரிவது, நகம் மெலிந்து உடைவது அல்லது நடுவில் குழிவது, கை கால் சில்லென்று இருப்பது, தலைவலி, கவனம் நிற்காதது, முடி உதிர்வது. இவற்றையும் எழுதுங்கள்.

ஆனால் இதே களைப்பும் முடி உதிர்வும் தைராய்டிலும் வரும். பி12 குறைவிலும், சர்க்கரையிலும், தூக்கமின்மையிலும், மனச்சோர்விலும் வரும். அறிகுறி பார்த்து இரும்பு மாத்திரை வாங்கித் தின்னக் கூடாது என்பது அதனால்தான்.

மாத்திரை எதுவும் சாப்பிடாமலே மலம் தார் போலக் கறுத்துப் போவது, மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, நெஞ்சுவலி, மயங்கி விழுவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் நோட்டு எழுதிக்கொண்டு உட்கார வேண்டாம், அன்றே டாக்டரைப் பாருங்கள்.

2. கையில் இருக்கும் சி.பி.சி.யைத் திரும்பப் படியுங்கள்

எச்.பி.யைப் பார்த்ததும் தாளை மடித்து வைத்துவிடுகிறோம். அதற்குக் கீழே மூன்று வரி முக்கியம். எம்.சி.வி. என்பது சிவப்பணுவின் சராசரிப் பருமன், 80 முதல் 100 வரை இருக்கும். எம்.சி.எச். என்பது ஒவ்வோர் அணுவிலும் உள்ள ஹீமோகுளோபின் அளவு, 27-க்குக் கீழே போவது கவனிக்க வேண்டியது. ஆர்.டி.டபிள்யூ. என்பது அணுக்கள் ஒரே அளவாக இருக்கின்றனவா, சின்னதும் பெரியதுமாக இருக்கின்றனவா என்று காட்டுவது. சுமார் 14.5-ஐத் தாண்டினால், எச்.பி. சரியாக இருந்தாலும் ஒரு சந்தேகம் வர வேண்டும். இந்த மூன்றும் சரியாக இருந்துகூட ஃபெரிட்டின் அடிமட்டத்தில் இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை. எம்.சி.வி. மிகவும் குறைவாக, ஆனால் சிவப்பணு எண்ணிக்கை வழக்கத்தைவிட அதிகமாக இருந்தால் அது தலசீமியா மரபணுவைச் சுமப்பவராக இருக்கலாம். அவர்களுக்கு ஃபெரிட்டின் பார்க்காமல் வருடக்கணக்கில் இரும்பு கொடுப்பது தப்பு. கல்யாணத்துக்குப் பேசிக்கொண்டிருக்கும் வீடுகளில், குறிப்பாகச் சொந்தத்துக்குள் கொடுத்து எடுப்பவர்கள், இதைக் கட்டாயம் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். கணவன் மனைவி இருவரும் சுமப்பவர்கள் என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு தலசீமியா நோய் வர. எச்.பி. எலக்ட்ரோபோரசிஸ் அல்லது எச்.பி.எல்.சி. என்ற பரிசோதனையில் தெரிந்துவிடும்.

3. ஃபெரிட்டின் கேளுங்கள்

டாக்டரிடம் எப்படிக் கேட்பது என்று பலருக்குக் கூச்சம். "நீ டாக்டரா, நான் டாக்டரா" என்று கேட்டுவிடுவாரோ என்ற பயம். சாதாரணமாகச் சொல்லுங்கள்: "சார், எச்.பி. பன்னெண்டு இருக்கு. ஆனா எனக்கு மாசாமாசம் எட்டு நாள் போகுது, மூணு மாசமா பச்சரிசி திங்கணும்போல இருக்கு, ராத்திரி கால் குடையுது. ஃபெரிட்டின் ஒருதடவை பாத்துரலாமா?" இப்படிக் காரணத்தோடு கேட்டால் பெரும்பாலான டாக்டர்கள் எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

கூடவே அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., தைராய்டுக்கான டி.எஸ்.எச்., வைட்டமின் பி12 மூன்றையும் பார்ப்பது நல்லது. சி.ஆர்.பி. எதற்கு என்றால், உடம்பில் காய்ச்சலோ தொற்றோ அழற்சியோ இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறி நிற்கும். ஈரலில் கொழுப்பு உள்ளவர்களுக்கும் அப்படித்தான். ஆக ஃபெரிட்டின் குறைவாக வந்தால் அதை நம்பலாம், இரும்பு குறைவுதான். நார்மலாக வந்தால் மட்டும் சி.ஆர்.பி.யையும் சேர்த்துப் பார்த்துத்தான் நம்ப வேண்டும். காய்ச்சல், சளி இருந்தால் தேறி இரண்டு மூன்று வாரம் கழித்து வாருங்கள்.

"சீரம் அயர்ன்" மட்டும் தனியாகப் பார்ப்பதில் பயன் குறைவு. காலையில் ஓர் அளவு, சாயங்காலம் ஓர் அளவு இருக்கும், முந்தின நாள் மாத்திரை போட்டிருந்தால் ஏறியிருக்கும். ரத்தம் எவ்வளவு இரும்பைச் சுமக்க முடியும் என்று காட்டும் டி.ஐ.பி.சி.யோடு சேர்த்து டிரான்ஸ்ஃபெரின் செறிவு என்று சதவீதமாகக் கணக்கிட்டால் உபயோகம் உண்டு. அது 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இரும்பு போதவில்லை என்று அர்த்தம்.

ஊசி இரண்டு தடவை குத்துவார்களோ என்று பயப்பட வேண்டாம். ஒரே குத்தில் ஊதா மூடிக் குழாயில் கொஞ்சம், மஞ்சள் அல்லது சிவப்பு மூடிக் குழாயில் கொஞ்சம் எடுப்போம். ஊதா மூடியில் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து இருக்கும், சி.பி.சி. அதிலிருந்து. மற்றதில் உறைந்து தெளிந்த சீரத்திலிருந்துதான் ஃபெரிட்டின். அதனால்தான் "போன வாரம் கொடுத்த ரத்தத்திலயே பாத்துச் சொல்லுங்க" என்றால் முடிவதில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் எச்.பி. பார்த்துவிடுவார்கள். ஃபெரிட்டினுக்குப் பெரும்பாலும் கோரிப்பாளையம் ராசாசி மருத்துவமனை போன்ற பெரிய ஆஸ்பத்திரியோ வெளி லேபோதான். வெளியே சில நூறு ரூபாய் ஆகும். இடத்துக்கு இடம் மாறும், போனில் விசாரித்துவிட்டுப் போங்கள்.

4. வந்த எண்ணைப் புரிந்துகொள்வது

பல லேப்களின் ரிப்போர்ட்டில் பெண்களுக்கான ஃபெரிட்டின் கீழ் எல்லை 10, 13 என்றெல்லாம் அச்சடித்திருக்கும். 14 வந்தால் அங்கேயும் "நார்மல்". இந்த எல்லைக்கோடு, பரிசோதித்த கூட்டத்தில் பெரும்பாலோருக்கு இருந்த அளவை வைத்துப் போட்டது. அந்தக் கூட்டத்திலேயே பாதிப் பேருக்குச் சேமிப்பு காலியாக இருந்திருந்தால் கோடும் கீழேதான் விழும்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு 15 நானோகிராமுக்குக் கீழே போனால் குறை என்கிறது. தொற்றோ அழற்சியோ இருக்கும்போது 70 வரைகூடக் குறையாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. மஜ்ஜையில் இரும்பு இருக்கிறதா என்று நேரடியாகப் பார்த்து ஒப்பிட்ட ஆய்வுகளின் அடிப்படையில் பல டாக்டர்கள் 30-ஐத்தான் எல்லையாக வைத்துக்கொள்கிறார்கள். ராத்திரி கால் குடைச்சல் உள்ளவர்களுக்கு 75 வரையிலும் இரும்பு கொடுத்துப் பார்க்கலாம் என்று அந்தத் துறையினரின் வழிகாட்டுதல் இருக்கிறது.

என் கருத்து: 15-க்குக் கீழே என்றால் பேச்சே இல்லை. 15-க்கும் 30-க்கும் நடுவில் இருந்து, அறிகுறியும் இருந்தால், "நார்மல்தான்" என்ற பதிலோடு திரும்பி வர வேண்டாம். 30-க்கும் 50-க்கும் நடுவில் என்றால் டாக்டரோடு உட்கார்ந்து பேச வேண்டிய இடம். 100-க்கு மேல் இருந்து சி.ஆர்.பி.யும் சரியாக இருந்தால், களைப்புக்கு வேறு காரணம் தேடுங்கள். இரும்பைப் பிடித்துத் தொங்காதீர்கள்.

5. இரும்பு எங்கே போகிறது என்று கண்டுபிடியுங்கள்

மாத்திரை எழுதி வாங்கியதும் முடிந்தது என்று நினைப்பதுதான் நம் ஊரில் நடக்கிறது. உடம்பு ஒரு நாளைக்கு உணவிலிருந்து எடுத்துக்கொள்ளும் இரும்பு 1 முதல் 2 மில்லிகிராம்தான். ஒரு மில்லி ரத்தம் போனால் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு போகிறது. மாதவிடாயில் 80 மில்லிக்கு மேல் போனால் அதிகப் போக்கு என்கிறார்கள். அது 40 மில்லிகிராம் இரும்பு. அன்றாடத் தேவைக்குமேல் இதையும் மாதாமாதம் ஈடு கட்ட வேண்டும். பல பெண்களுக்கு முடிவதில்லை.

மில்லியை யாரும் அளக்க முடியாது. ஆனால் கேட்டுப் பார்க்கலாம். ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறதா? ராத்திரி எழுந்து மாற்றுகிறீர்களா? ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வைக்கிறீர்களா? பத்து ரூபாய்க் காசு அளவுக்குக் கட்டி விழுகிறதா? ஏழு நாளைத் தாண்டுகிறதா? "எங்க அம்மாவுக்கும் அப்படித்தான், எங்க வீட்டுல எல்லாருக்கும் அப்படித்தான்" என்று பதில் வரும். குடும்பத்தில் எல்லோருக்கும் இருப்பதால் அது சரியாகிவிடாது. ரத்தம் உறைவதில் பரம்பரைக் கோளாறுகூட இருக்கலாம். கர்ப்பப்பைக் கட்டி, காப்பர்-டி, தைராய்டு என்று காரணம் பல. எல்லாவற்றுக்கும் வைத்தியம் உண்டு, கர்ப்பப்பையை எடுப்பதுதான் வழி என்று இல்லை. போக்கைக் குறைக்கும் மாத்திரையும் ஹார்மோன் சாதனமும் இருக்கின்றன. இதை டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள்.

ஒரு கர்ப்பத்துக்கு மொத்தமாக ஏறக்குறைய ஒரு கிராம் இரும்பு தேவைப்படுகிறது. அடுத்தடுத்துப் பிள்ளை பெற்றவர்களின் சேமிப்பு எங்கே போயிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பையன்களும் இதில் உண்டு. தலைவர் பிறந்தநாள், நண்பன் பிறந்தநாள் என்று வருடத்தில் பல தடவை ரத்தம் கொடுக்கும் தம்பிகள் நம் ஊரில் நிறைய. அந்த மனசுக்குக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் 350 மில்லி கொடுத்தால் சுமார் 175 மில்லிகிராம் இரும்பு போகிறது. முகாமில் எச்.பி. 12.5 இருக்கிறதா என்று மட்டும்தான் பார்ப்பார்கள். அடிக்கடி கொடுப்பவர் வருடம் ஒருமுறை ஃபெரிட்டின் பார்த்துக்கொண்டால் இன்னும் பல வருடம் கொடுக்கலாம்.

செருப்பில்லாமல் வயலில், மல்லிகைத் தோட்டத்தில் நிற்பவர்களுக்குக் கொக்கிப்புழு ஒரு காரணம். அது குடலில் ஒட்டிக்கொண்டு தினமும் ரத்தம் குடிக்கும். பூச்சி மாத்திரை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். மூட்டுவலிக்கு நெடுநாள் வலி மாத்திரை போடுபவர்கள், மூலம் உள்ளவர்கள், வருடக்கணக்கில் கேஸ் மாத்திரை போடுபவர்கள், இரைப்பையில் ஹெலிகோபாக்டர் கிருமி உள்ளவர்கள் இவர்களுக்கும் இரும்பு குறையும்.

ஆண்களுக்கும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் ஃபெரிட்டின் குறைவாக வந்தால் அது வேறு விஷயம். அவர்களுக்கு ரத்தம் போக மாதாந்திரக் காரணம் இல்லை. இரைப்பையிலோ குடலிலோ கண்ணுக்குத் தெரியாமல் கசிகிறதா, புண்ணா, கட்டியா என்று பார்க்காமல் மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்புவது ஆபத்து. அப்பாவுக்கு வயது அறுபது, இரும்பு குறைவு என்றால் "வயசாயிருச்சுல்ல" என்று விடாதீர்கள். குடல்நோய் நிபுணரிடம் கூட்டிப் போங்கள்.

6. மாத்திரையை உடம்பில் சேரும்படி போடுவது

பெரஸ் சல்பேட், பெரஸ் ஃப்யூமரேட், பெரஸ் அஸ்கார்பேட் என்று பல உப்புகள். அட்டையில் பார்க்க வேண்டியது "எலிமென்டல் அயர்ன்", அதாவது அந்த உப்பில் உள்ள நிகர இரும்பு, எவ்வளவு என்பதை. அரசு தரும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. விலையில்லாமல் கிடைக்கிறது என்பதால் அதை மட்டமாக நினைக்க வேண்டாம். பள்ளியில் கொடுக்கும் நீல மாத்திரையும் அதே அளவுதான். வயிறு குமட்டுகிறது என்று பிள்ளைகள் ஜன்னல் வழியே எறிந்துவிடுகிறார்கள். சாப்பிட்ட பிறகு போடச் சொன்னால் குமட்டல் பெரும்பாலும் அடங்கும்.

அதிகம் போட்டால் சீக்கிரம் ஏறும் என்பது இல்லை. ஒரு மாத்திரை போட்டதும் ஈரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து, அடுத்த ஒரு நாளுக்குக் குடல் வழியாக இரும்பு உள்ளே வருவதைக் குறைத்துவிடுகிறது. சூரிச் நகர ஆய்வாளர்கள் 2015-இலும் 2017-இலும் வெளியிட்ட ஆய்வுகளில், ரத்தசோகை இல்லாத, சேமிப்பு மட்டும் குறைந்த இளம் பெண்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டவர்களுக்கு, மாத்திரைக்கு மாத்திரை, தினமும் போட்டவர்களைவிட அதிகம் சேர்ந்தது. வயிற்றுத் தொந்தரவு உள்ளவர்கள் இந்த முறையை டாக்டரிடம் கேட்கலாம். கர்ப்பிணிகள் மட்டும் தாங்களாக மாற்றக் கூடாது. அவர்களுக்குத் தினம் ஒன்று என்று சொன்னால் தினம் ஒன்றுதான்.

டீ, காபி விஷயத்தில் மதுரைக்காரர்களிடம் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. கண் விழித்ததும் டீ, பதினொரு மணிக்கு டீ, நாலு மணிக்கு டீ. மாத்திரையோடோ சாப்பாட்டோடோ டீ சேர்ந்தால் இரும்பு சேருவது பாதிக்கும் கீழே போய்விடும். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், எலுமிச்சை பிழிந்த தண்ணீரோடு மாத்திரை. ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பாடு. இரண்டு மணி நேரத்துக்குப் பாலும் டீயும் காபியும் வேண்டாம். முதல் டீயை விட முடியாதவர்கள் மாத்திரையை மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு வைத்துக்கொள்ளுங்கள்.

கால்சியம் மாத்திரைக்கும் இதற்கும் குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி. தைராக்ஸின் போடுபவர்களுக்கு நாலு மணி நேரம். காலையில் தைராய்டு மாத்திரை என்றால் இரும்பு மத்தியானம் அல்லது ராத்திரி.

மலம் கறுப்பாகப் போகும், அது இரும்புதான், பயப்பட வேண்டாம். தார் போல ஒட்டி, கெட்ட நாற்றம் அடித்தால்தான் பயப்பட வேண்டும். மலச்சிக்கலுக்குத் தண்ணீர், வாழைத்தண்டு, கீரை, அப்படியும் முடியாவிட்டால் அளவைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். பாதியில் நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லாமல் இருக்காதீர்கள். மாத்திரை ஒத்தே வரவில்லை, குடலில் சேரவில்லை என்றால் நரம்பு வழியாக ஏற்றும் இரும்பு ஊசி இருக்கிறது. அதை ஆஸ்பத்திரியில், கண்காணிப்பில்தான் போட வேண்டும்.

சித்த மருந்தில் அன்னபேதிச் செந்தூரம் சாப்பிடுகிறவர்கள் அதை ஆங்கில மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். அன்னபேதி என்பது இரும்பின் உப்புதான். இரண்டும் சேரும்போது கணக்குத் தெரிய வேண்டும்.

இதைத் தயவுசெய்து கேளுங்கள்: மாத்திரையைச் சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். சிவப்பு மாத்திரை மிட்டாய் போலவே இருக்கும். நாலைந்து விழுங்கினால்கூடச் சின்னப் பிள்ளையின் உயிருக்கு ஆபத்து. விழுங்கியது தெரிந்தால், பிள்ளை நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

7. சாப்பாடு

காலியான சேமிப்பைச் சாப்பாட்டால் மட்டும் நிரப்புவது கடினம். நிரம்பியதைக் காப்பாற்றச் சாப்பாடு போதும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2020 பரிந்துரைப்படி பெண்களுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம், ஆண்களுக்கு 19.

மாதுளையும் பீட்ரூட்டும் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்று நம்புகிறோம். நூறு கிராமில் ஒரு மில்லிகிராம்கூட இரும்பு இல்லை. நல்ல காய், நல்ல பழம், சாப்பிடுங்கள். ஆனால் மாத்திரைக்குப் பதில் மாதுளை ஜூஸ் என்று காசைக் கரைக்காதீர்கள்.

கறிக்கடையில் நம் ஆட்கள் கேட்டு வாங்கும் சுவரொட்டிக்கு, அதாவது ஆட்டு மண்ணீரலுக்கு, இருக்கும் பெயர் நியாயமானது. மண்ணீரல் பழைய சிவப்பணுக்களைச் சிதைக்கும் இடம், இரும்பு குவிந்திருக்கும் இடம். இறைச்சியில் உள்ள இரும்பைக் குடல் எளிதாக எடுத்துக்கொள்கிறது. வாரம் ஓரிரு முறை சுவரொட்டி வறுவலோ, ஈரலோ, ரத்தப் பொரியலோ நல்ல வழி. நன்றாக வேக வையுங்கள். கர்ப்பிணிகள் ஈரலை மட்டும் குறைத்துக்கொள்ள வேண்டும், அதில் வைட்டமின் ஏ மிக அதிகம்.

சைவக்காரர்களுக்கு இரும்பு கிடைப்பது தானியத்திலும் பருப்பிலும் கீரையிலும். அவற்றிலிருந்து குடல் எடுப்பது கொஞ்சம்தான், எடுப்பதைக் கூட்ட நம் அடுப்படியிலேயே வழி இருக்கிறது. ஊறவைத்துப் புளிக்கவைத்த மாவு, முளைகட்டிய பயறு, இவற்றில் இரும்பைப் பிடித்து வைக்கும் ஃபைட்டேட் குறைகிறது. கம்மங்கூழ் புளித்தே இருக்கிறது, கூட ஒரு நெல்லிக்காய் கடித்துக்கொண்டால் போதும். முருங்கைக்கீரைப் பொரியலில் இறக்கிய பிறகு எலுமிச்சை பிழியுங்கள். சாப்பிட்டதும் ஒரு கொய்யா. புளிக்குழம்பை இரும்புச் சட்டியில் வையுங்கள், புளிப்பு சட்டியிலிருந்து இரும்பைக் குழம்புக்குள் இழுக்கும்.

8. திரும்பப் பாருங்கள், எதிர்பார்ப்பை அளவோடு வையுங்கள்

மூன்று மாதம் கழித்து சி.பி.சி., ஃபெரிட்டின் இரண்டும். இரும்பு ஊசி போட்டவர்கள் டாக்டர் சொல்லும் இடைவெளி விட்டுத்தான் பார்க்க வேண்டும், உடனே பார்த்தால் எண் பொய்யாக எகிறியிருக்கும்.

பச்சரிசி ஆசை பெரும்பாலும் முதலில் போகும். களைப்புக்கு வாரக்கணக்கில் ஆகும். முடிக்கு மாதக்கணக்கில். ரத்தசோகை இல்லாமல், ஃபெரிட்டின் 50-க்குக் கீழே, களைப்போடு இருந்த 198 பெண்களிடம் பிரான்ஸில் ஓர் ஆய்வு நடந்தது. 2012-இல் வெளியானது. பன்னிரண்டு வாரம் இரும்பு சாப்பிட்டவர்களுக்குக் களைப்பு சுமார் 48 சதவீதம் குறைந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் 29 சதவீதம் குறைந்தது. இரும்பு உதவுகிறது என்பது உண்மை, எல்லாக் களைப்பும் இரும்பால் வந்தது இல்லை என்பதும் உண்மை. ஃபெரிட்டின் 60, 70 என்று ஏறிய பிறகும் உடம்பு அதே அசதியில் இருந்தால் மாத்திரையைக் கூட்டாதீர்கள். தூக்கம், தைராய்டு, பி12, மனசு என்று அடுத்ததைப் பாருங்கள்.

மாத்திரையை நிறுத்திய பிறகு ஆறு மாதத்தில் ஒருமுறை ஃபெரிட்டின் பார்த்து, எண்ணைப் பழைய நோட்டிலேயே தேதியோடு எழுதுங்கள். 60 இருந்தது 25-க்கு வந்திருந்தால் இன்னும் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மறுபடி மாத்திரையை மட்டும் ஆரம்பிக்காமல், அந்த நோட்டோடு மகப்பேறு மருத்துவரிடமோ குடல்நோய் நிபுணரிடமோ போங்கள்.